டஃப்னஸுக்குத் தமிழ் என்ன? (இழைக் கான்கிரீட் பாடம், அவசரம்)

அனைவருக்கும் வணக்கம். தமிழ்வழி சிவில் மாணவர்களுக்கு இழைக் கான்கிரீட் பற்றிப் பாடக்குறிப்பு எழுதுகிறேன். திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. ஸ்ட்ரெங்த் வலிமை, ஸ்டிஃப்னஸ் விறைப்பு, ஹார்ட்னஸ் கடினம். டஃப்னஸில்தான் மாட்டிக்கொண்டேன். சாதாரணக் கான்கிரீட் விட்டத்தை (பீமை) வளைத்தால் விரிசல் விட்டதும் படக்கென்று இரண்டாகிவிடும். எஃகு இழை போட்டதோ விரிசலுக்குப் பிறகும் சுமையைத் தாங்கிக்கொண்டே மெல்லத் தொய்யும். சுமை-தொய்வு வரைகோட்டின் கீழுள்ள பரப்புதான் இந்தப் பண்பு. ‘வன்மை’ சரியா?
— பாலிடெக்னிக் ஆசிரியை

அம்மா, வன்மை என்றால் பிள்ளைகள் வல்லினம் மெல்லினத்துக்குப் போய்விடுவார்கள். ‘எறுழ்மை’ என்று வையுங்கள். ‘எறுழ் வலியாகும்’ என்பது தொல்காப்பிய உரியியல், வலி என்றால் அங்கே வலிமை. எழு என்றால் கணையமரம், கதவுக்குக் குறுக்கே போடும் மரம். எறுழுக்கும் அதற்கும் உறவு உண்டு என்பது என் நெடுநாள் எண்ணம். குறிஞ்சிப்பாட்டு எறுழம்பூ தனிக்கதை, பிறகு எழுதுகிறேன்.
— ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

ஐயா, கோபிக்க வேண்டாம். எறுழ்மை என்றால் மேஸ்திரி ஏதோ புது ரசாயனம் என்று நினைப்பார். அதைவிடப் பெரிய சிக்கல், எறுழ், வன்மை எல்லாமே வலிமைதான். கன அளவில் 1 விழுக்காட்டுக்குள் இழை போட்டால் முதல் விரிசல் விழும் சுமை பெரிதாக ஏறாது. ஆதாயமெல்லாம் அதற்குப் பிறகுதான். விரிசலுக்குக் குறுக்கே நிற்கும் இழையின் கொக்கிமுனை நிமிர்ந்து, உரசிக்கொண்டே உருவி வரும். ஆற்றல் செலவாவது அந்த உரசலில். கான்கிரீட்டோடு இழைக்குள்ள பிடிப்பு அளவுக்கு மீறினால் இழை உருவாமல் அறுந்துபோகும், காரியம் கெட்டது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் விக்டர் லீ குழு உருவாக்கிய வளையும் கான்கிரீட்டில் பிவிஏ (பாலிவினைல் ஆல்கஹால்) என்ற செயற்கை இழைக்கு எண்ணெய் பூசியதே பிடிப்பைக் குறைக்கத்தான். சுமார் 2 விழுக்காடு இழையோடு, இழுத்தால் அது 3 முதல் 5 விழுக்காடு வரை நீளும். வெறும் கான்கிரீட் 0.01 விழுக்காட்டிலேயே முடிந்துவிடும். வலிமையைப் பெயரில் வைத்தால் மாணவன் தலைகீழாகப் புரிந்துகொள்வான். என் பரிந்துரை ‘தாக்குப்பிடிதிறன்’.
— கட்டடப் பொறியாளர்

உப்புக்காற்றில் வருஷக்கணக்காக நிற்பதும் தாக்குப்பிடிப்பதுதானே? அதற்கு வேறு சொல் தேடுவீர்களா? ‘முறிவாற்றல்’ போதும். அப்புறம், எஃகில் ஏது இழை? இழை நூலுக்கு, நார் தென்னைக்கு, எஃகுக்குக் கம்பி.
— மொழிபெயர்ப்பாளர்

முறிவாற்றல் என்றால் முறிக்கும் ஆற்றலா, முறியாத ஆற்றலா? கம்பி என்றால் எல்லோரும் டிஎம்டி கம்பி என்பார்கள். கண்ணாடியிழை என்று கடைப்பலகையிலேயே இருக்கிறது, இழையை விட்டுவிடுங்கள்.
— கட்டடப் பொறியாளர்

அச்சகத்திலிருந்து போன் வந்துவிட்டது. தாக்குப்பிடிதிறன் என்றே போடுகிறேன், பக்கத்தில் டஃப்னஸ் என்றும். நீடித்துழைப்பு தனி அத்தியாயம், குழப்பம் வராது. நன்றி.
— ஆசிரியை

போடுங்கள். ஆனால் அது வினைத்தொகை, ‘தாக்குப்பிடித்திறன்’ என்று ஒற்று மிகுத்து அச்சிட்டுவிடாதீர்கள். என் வாக்கு எறுழ்மைக்கே.
— ஓய்வுபெற்ற தமிழாசிரியர்