சில்லறைச் செலவில் எழுதப்பட்டவர்கள்: நூலகப் பணியாளர் சங்க அனுபவங்கள்

ஓய்வுபெற்ற கிளை நூலகர், கடலூர்

நூலகத்துக்கு வந்து சேரும் ஒவ்வொரு நூலுக்கும் ஓர் எண் இடுகிறோம். எந்த நாளில், யாரிடமிருந்து, என்ன விலைக்கு வந்தது என்பதைப் பதிவேட்டில் எழுதி, முத்திரை குத்திய பிறகே அது அலமாரிக்குப் போகும். நான் பணியாற்றிய கிளை நூலகத்தில் பதினொரு ஆண்டுகள் கூட்டிப் பெருக்கி, நாளிதழ்களைக் கோத்து வைத்து, நான் கூட்டத்துக்குச் செல்லும் நாள்களில் நூல் வழங்கலையும் பார்த்துக்கொண்ட ஓர் அம்மாவின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இருந்ததில்லை. அவருக்குக் கொடுத்த தொகை, விளக்குமாறு, பினாயில் ஆகியவற்றோடு சேர்த்துச் சில்லறைச் செலவில் எழுதப்பட்டது. எழுதியவன் நான்தான் என்பதால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அந்த அம்மாவுக்காகத்தான் சங்க வேலையில் இறங்கினேன் என்றால் அது பாதி உண்மை. மீதிப் பாதி 2003. அந்த ஆண்டு ஜூலையில் அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் நடத்திய வேலைநிறுத்தத்தின்போது ஏறத்தாழ 1,70,000 பேர் ஒரே வீச்சில் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். அவர்களில் நானும் ஒருவன். வருத்தம் தெரிவித்தும், இனி இப்படிச் செய்ய மாட்டேன் என்று உறுதி கூறியும் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டு மீண்டும் அதே நாற்காலியில் போய் உட்கார்ந்த நாளில், பக்கத்துத் தேநீர்க் கடைக்காரர் காசு வாங்க மறுத்தார். அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமையோ, சட்ட உரிமையோ, தார்மிக உரிமையோ இல்லை என்று உச்ச நீதிமன்றம் ஆகஸ்டு 6 அன்று தீர்ப்பளித்தது. சங்கம் அமைக்கும் உரிமையை அரசமைப்புச் சட்டத்தின் 19-ஆவது பிரிவு தருகிறது. ஆனால் அந்தச் சங்கம் வேலையை நிறுத்தக் கூடாது. அதன் பிறகு எங்கள் இயக்கங்கள் எல்லாம் கருப்புப் பட்டை, உணவு இடைவேளை ஆர்ப்பாட்டம், கோரிக்கை மனு என்று சுருங்கிப்போனதற்கு இதுதான் காரணம். தலைவர்களுக்குத் துணிவில்லை என்று குறைசொல்பவர்கள் இதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

பகுதிநேரப் பணியாளர்களுக்காக நாங்கள் அளித்த மனுவில் ஊதிய உயர்வை முதல் கோரிக்கையாக வைக்கவில்லை. தொகுப்பூதியத்திலும் தினக்கூலியிலும் இருப்பவர்களுக்குத் தனி வருகைப் பதிவேடு வேண்டும் என்று மட்டும் கேட்டோம். மனுவை வாங்கிய அதிகாரி நல்ல மனிதர், ஒளிவுமறைவில்லாமல் பேசினார். "பதிவேட்டில் பெயர் எழுதினால் நாளைக்கு வழக்குப் போடுவார்கள், அப்புறம் எனக்கு 17(பி) வரும்" என்றார். 17(பி) என்பது ஒழுங்கு நடவடிக்கைக்கான குற்றச்சாட்டுக் குறிப்பாணை. அவருடைய அச்சத்துக்குக் காரணம் இருந்தது. 2006-இல் உமாதேவி வழக்கில் தற்காலிகப் பணியாளர்களை நிரந்தரமாக்கும் கதவை உச்ச நீதிமன்றம் ஏறக்குறைய அடைத்துவிட்டு, அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் 10 ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்த தகுதியுள்ளவர்களுக்கு மட்டும் ஒரே ஒரு முறை என்று சிறு இடுக்கு விட்டிருந்தது. அந்தப் பத்து ஆண்டுகளை எதைக் காட்டி மெய்ப்பிப்பது என்பதுதான் கேள்வி. ஆகவே பதிவேடு இல்லாமல் இருப்பது மறதியால் நேர்வதில்லை.

நிதி இல்லை என்ற பதிலும் எப்போதும் வரும். 1948-ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டத்தின்படி உள்ளாட்சி அமைப்புகள் சொத்து வரியோடு நூலக வரியையும் வசூலித்து மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குச் செலுத்த வேண்டும். இப்போது அது ரூபாய்க்கு 10 காசு. வீட்டுக்காரர் தவறாமல் கட்டிவிடுகிறார். ஆனால் ஓர் உள்ளாட்சி அமைப்பு அந்தத் தொகையை ஆண்டுக்கணக்கில் தன்னிடமே வைத்திருந்ததை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அதற்குள் எங்களை, நூலகத்துக்கு ஆயிரம் ரூபாய் நன்கொடை தரும் புரவலர்களைச் சேர்த்து வா என்று கடைகடையாக அனுப்பினார்கள். நூலகர் கடைத்தெருவில் ரசீதுப் புத்தகத்தோடு நின்றால் கிளையை யார் பார்ப்பது? பினாயில் கணக்கில் இருந்த அந்த அம்மாதான்.

உங்களுக்கு நேர்ந்தவற்றையும் எழுதுங்கள்.

தனியார் கல்லூரி நூலக உதவியாளர், புதுச்சேரி

ஐயா, நான் ஓர் அறக்கட்டளைக் கல்லூரியின் நூலகத்தில் ஏழு ஆண்டுகள் "பயிற்சியாளர்" என்ற பெயரில் வேலை பார்த்தேன். எனக்குப் பிறகு வந்து, என்னிடம் கற்றுக்கொண்டவர்களும் பயிற்சியாளர்களே. பயிற்சியாளர் என்பதால் வைப்பு நிதி பிடிக்க வேண்டியதில்லை, ஈஎஸ்ஐ என்ற தொழிலாளர் காப்பீட்டு அட்டை தேவையில்லை, மே மாத விடுமுறைக்குச் சம்பளமும் இல்லை என்றார்கள். ஆனால் ஆய்வுக் குழு வரும் வாரத்தில் மட்டும் நாங்கள் ஊழியர் பட்டியலில் ஏறிவிடுவோம், கழுத்தில் அடையாள அட்டையும் தொங்கும்.

என் அப்பா ரோடியர் மில்லில் தறி ஓட்டியவர். 1936 ஜூலை 30 அன்று சவானா மில் வேலைநிறுத்தத்தில் பிரெஞ்சுப் போலீஸ் சுட்டுப் பன்னிரண்டு தொழிலாளர்கள் இறந்ததையும், அடுத்த ஆண்டே எட்டு மணி நேர வேலை சட்டமானதையும் சோறு ஊட்டும்போது கதையாகச் சொல்வார். அப்படிப்பட்டவரே, நான் சங்கம் என்று சொன்னதும், "மில்லில் சங்கம் சரிம்மா, லைப்ரரியில் எதுக்கு?" என்று கேட்டார். அவர் கேட்டதுதான் எனக்கு மிகவும் வலித்தது. புத்தகம் இருக்கும் இடத்தில் வியர்வை இருக்காது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பருவத்தேர்வு முடிந்து திரும்பி வரும் பாடநூல்களை மூன்று மாடி தூக்கிச் சென்று அடுக்கியதில் எனக்குத் தோள்பட்டை இறங்கிப்போய், இன்றும் இடது கையால் குடம் தூக்க முடியாது.

1926-ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டப்படி ஏழு பேர் கையெழுத்திட்டால் போதும் என்றே நினைத்திருந்தோம். நூலகத்தில் ஒன்பது பேர் இருந்தோம். பிறகுதான் 2001-இல் செய்த திருத்தம் தெரிந்தது. நிறுவனத்தின் தொழிலாளர்களில் பத்து விழுக்காடு அல்லது நூறு பேர், இவற்றில் எது குறைவோ அத்தனை பேர் உறுப்பினராக இருக்க வேண்டும். பேருந்து ஓட்டுநர்களிடமும் விடுதிச் சமையல்காரர்களிடமும் போனோம். குளிரூட்டிய அறையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு என்ன குறை என்று ஓர் ஓட்டுநர் அண்ணன் கேட்டார். குளிரூட்டி புத்தகங்களுக்காகக்கூடக் கிடையாது, கணினி அறையில் மட்டும்தான் என்று அழைத்துப் போய்க் காட்டினோம். அன்று மாலையே பதினாறு கையெழுத்துகள் சேர்ந்தன. எண்ணிக்கைக்காகத் தேடிப் போன அந்த ஓட்டுநர்கள்தான் கடைசிவரை உறுதியாக நின்றார்கள்.

விண்ணப்பம் போன மூன்றாவது வாரம் எங்களில் இருவரைப் பேருந்துக் கட்டண அறைக்கு மாற்றினார்கள். தொழிலாளர் துறையில் சமரசப் பேச்சு தொடங்கியது. நிர்வாகத்தின் வழக்கறிஞர், கல்வி நிறுவனம் தொழில் ஆகாது, எனவே 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டம் பொருந்தாது என்று ஆரம்பித்தார். எங்களுக்கு வழிகாட்டிய மூத்த தோழர் 1978-ஆம் ஆண்டின் பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கின் தீர்ப்பைக் காட்டி, கல்வி நிறுவனங்களும் தொழில் என்ற சொல்லுக்குள் வரும் என்று நீதிபதி கிருஷ்ணய்யர் எழுதியதை எடுத்துச் சொன்னார். ஆசிரியர் தொழிலாளர் அல்லர் என்று 1988-இல் வந்த தீர்ப்பை அவர்கள் நீட்ட, நூலை அடுக்குபவர் பாடம் நடத்துகிறாரா என்று தோழர் திருப்பிக் கேட்டார். சமரசம் நடக்கும்போது வேலை நிலைமையைப் பாதகமாக மாற்றக் கூடாது என்று அந்தச் சட்டத்தின் 33-ஆவது பிரிவு சொன்னதால், பேச்சு தொடங்கிய பின் வேறு யார்மீதும் கைவைக்கவில்லை. ஐந்தாவது அமர்வில், சமரச அதிகாரி முன்னிலையில் இரு தரப்பும் செய்துகொள்ளும் 12(3) ஒப்பந்தம் கையெழுத்தானது. வைப்பு நிதி கிடைத்தது, மே மாதச் சம்பளம் பாதி கிடைத்தது. மாற்றப்பட்ட இருவரில் ஒருவர் மட்டும் நூலகத்துக்குத் திரும்பினார். மற்றவர் காத்திருக்க முடியாமல் ஒரு துணிக்கடைக்குப் போய்விட்டார். அவரைப் பற்றி நினைக்காமல் அந்த ஒப்பந்தத்தை என்னால் வெற்றி என்று சொல்ல முடியவில்லை.

போட்டித் தேர்வு மாணவர், விருத்தாசலம்

மன்னிக்க வேண்டும், எதிர்த்தரப்பையும் யாராவது சொல்லத்தான் வேண்டும். தேர்வாணையத்தின் குரூப் 4 தேர்வுக்கு நான் நூலகத்தை நம்பியே படித்தேன். வீட்டில் ஒரே அறை, தொலைக்காட்சி ஓடிக்கொண்டே இருக்கும். தேர்வுக்குச் சில நாள்கள் முன்பு, ஆர்ப்பாட்டத்துக்குப் போயிருக்கிறோம் என்று கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. வெளித் திண்ணையில் உட்கார்ந்து படித்தேன், பிற்பகல் மழை வந்ததும் திரும்பிவிட்டேன். உங்கள் கோரிக்கை நியாயமாகவே இருக்கலாம். ஆனால் அதன் விலையைக் கொடுத்தவர்கள், வேறு போக்கிடம் இல்லாத எங்களைப் போன்றவர்கள். அந்தத் தாளில் எதற்காகப் போராட்டம் என்றுகூட ஒரு வரி எழுதியிருக்கவில்லை.

ஓய்வுபெற்ற கிளை நூலகர், கடலூர்

தம்பி, நீங்கள் சொல்வதை மறுக்க மாட்டேன். நாங்களும் அந்தத் தவற்றைச் செய்தோம். பிறகு ஒரு வாசகர் வட்டக் கூட்டத்தில் உங்களைப் போன்ற ஒருவர் எழுந்து கேட்டதும்தான் முறையை மாற்றினோம். ஆர்ப்பாட்டத்தை வெள்ளிக்கிழமைக்கு வைத்தோம், ஏனென்றால் எங்கள் கிளைக்கு அன்று விடுமுறை. கதவில் கோரிக்கைகளை முழுமையாக எழுதி ஒட்டினோம். நாங்கள் கேட்காமலேயே வாசகர்கள் அஞ்சலட்டை எழுதத் தொடங்கினார்கள். மஞ்சக்குப்பத்தில் ஆர்ப்பாட்டம் நடந்த அன்று ஊழியர்களைவிட வாசகர்கள் அதிகமாக வந்திருந்தார்கள் என்று சொல்ல ஆசைதான், ஆனால் வந்தது பதினான்கு பேர். அந்தப் பதினான்கு பேரைப் பார்த்துவிட்டுத்தான் அதிகாரி கீழே இறங்கி வந்தார்.

ஒப்பந்தத் தொழிலாளி, நெய்வேலி

நான் நகரியத்தில் ஒரு நூலகத்தில் ஒப்பந்தக்காரர் மூலம் வேலை பார்க்கிறேன். எட்டு ஆண்டுகளில் மூன்று ஒப்பந்தக்காரர்கள் மாறிவிட்டார்கள், நாற்காலியும் நானும் மாறவில்லை. நடுவில் வந்தவர் இரண்டு மாதச் சம்பளத்தைத் தராமல் போய்விட்டார். ஒப்பந்தக்காரர் கொடுக்காவிட்டால் முதன்மை வேலையளிப்பவரே, அதாவது அவரை அமர்த்திய நிறுவனமே, கொடுக்க வேண்டும் என்று அப்போது நடப்பில் இருந்த 1970-ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் சொல்வதாகச் சங்கத்தில் தெரிந்துகொண்டு மனு எழுதினேன். இவர் அந்த மாதங்களில் வேலை செய்தார் என்பதற்கு என்ன சான்று என்று பதில் வந்தது. நூல் வழங்கும் கணினியில் நாங்கள் ஐவரும் ஒரே பயனர் பெயரில்தான் நுழைவோம். கையெழுத்து வாங்கிய தாள்களை ஒப்பந்தக்காரர் கொண்டுபோய்விட்டார். இப்போது என்ன செய்வது?

சங்க நிர்வாகி, முதலியார்பேட்டை

நெய்வேலித் தோழருக்கு ஐயா பதில் சொல்வார். அதற்கு முன் கல்லூரிச் சகோதரிக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2025 நவம்பர் 21 முதல் தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்துவிட்டது. நீங்கள் பயன்படுத்திய 1926, 1947 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள் இப்போது அதற்குள் அடக்கம். வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பு எல்லா நிறுவனங்களுக்கும் பொருந்தும். பல சங்கங்கள் இருக்கும் இடத்தில் 51 விழுக்காடு ஆதரவுள்ள சங்கமே பேச்சு நடத்தும் சங்கமாகும். என்னைக் கவலைப்பட வைப்பது வேறொன்று. தொழில் என்பதன் விளக்கத்திலிருந்து, முழுமையாகவோ பெருமளவுக்கோ அறப்பணி, சமூகப்பணி செய்யும் அமைப்புகளின் நிறுவனங்களை அது விலக்கி வைக்கிறது. கட்டணம் வாங்கிக் கல்லூரி நடத்தும் அறக்கட்டளை நாளை இந்த வரியைத்தான் பிடித்துக்கொள்ளும். உங்கள் 12(3) ஒப்பந்தத்தின் சான்றிட்ட நகல் கையில் இருக்கிறதா? இல்லையென்றால் இந்த வாரமே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஓய்வுபெற்ற கிளை நூலகர், கடலூர்

நெய்வேலித் தோழருக்கு. நான் முதலில் சொன்ன அம்மாவுக்காகச் சான்று தேடியபோது எங்கும் ஒன்றும் கிடைக்கவில்லை. கடைசியில் உதவியது, நான் வெட்கப்பட்டுக்கொண்டு எழுதிய அதே சில்லறைச் செலவுக் குறிப்பேடுதான். மாதாமாதம் "துப்புரவு" என்று தொகையும் தேதியும் போட்டு, ஓரத்தில் அவருடைய கைநாட்டும் வாங்கியிருந்தேன். பதினொரு ஆண்டுகளில் ஒன்பது ஆண்டுகளுக்கான குறிப்பேடுகள் கிடைத்தன. மற்ற இரண்டு 2011 டிசம்பர் 30 தானே புயலில் கூரை ஓடு பறந்து நனைந்து கூழாகிவிட்டன. ஒன்பது ஆண்டுகளுக்குத்தான் சான்று, தீர்ப்பு கேட்ட பத்து ஆகவில்லை. அவருடைய மனு இன்னும் நிலுவையில் இருக்கிறது.

உங்களிடம் பயனர் பெயர் இல்லாவிட்டாலும், வழங்கிய நூல்களின் தேதித் தாள்களில் நீங்கள் கையால் எழுதிய தேதிகள் இருக்கும். நாளிதழ் வரவுப் பதிவேட்டில் சுருக்கொப்பம் இட்டிருந்தால் அது இன்னும் நல்லது. வாயிற்காவலரின் வருகைக் குறிப்பேடு இருக்கிறதா என்றும் பாருங்கள். அந்த இரண்டு மாதங்களுக்கானவற்றைப் படமெடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை திருப்பாதிரிப்புலியூருக்கு வாருங்கள், மனுவைச் சேர்ந்தே எழுதலாம்.