எட்டாவது படிக்கும் மகளுக்கு விண்வெளி ஆர்வம், வேலூர் பக்கம் என்ன வழி இருக்கிறது?

குடியாத்தம் தறிக்காரர்:

எல்லோருக்கும் வணக்கம். குடியாத்தம் பக்கத்தில் ஒரு கிராமம், லுங்கித் தறி ஓட்டுகிறேன். மகள் ஊர் அரசுப் பள்ளியில் எட்டாவது படிக்கிறாள். 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான் 3 நிலவில் இறங்கியதை டிவியில் பார்த்ததிலிருந்து அவளுக்கு அதே நினைப்பு. கணக்கு நோட்டின் பின்பக்கம் முழுக்க ராக்கெட் படம்தான், எரிபொருள் எங்கே, எஞ்சின் எங்கே என்று அம்புக்குறி போட்டுப் பெயர் வேறு எழுதி வைத்திருக்கிறாள். போன வாரம் ஒருவர் வீட்டுக்கே வந்து, பாப்பாவை நாசாவுக்குக் கூட்டிப் போகிறோம், சான்றிதழ் தருவோம், மூன்று லட்சம் ஆகும், தவணையில் கட்டலாம் என்றார். வீட்டில் நகையை அடகு வைக்கலாமா என்று கேட்கிறார்கள். நான் பத்தாவதோடு நின்றவன், இதெல்லாம் எனக்குத் தெரியாது. பணம் கட்டினால்தான் பிள்ளை அந்தப் பக்கம் போக முடியுமா? நம்ம ஊர்ப் பக்கமே ஏதாவது இருக்கிறதா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஆலங்காயம் மலைக்காரன்:

அண்ணா, முதலில் நகையை எடுத்து பீரோவிலேயே வையுங்கள். உங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில் காவலூர் இருக்கிறது. வாணியம்பாடி போய் ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலை ஏறினால், வைணு பாப்பு வானாய்வகம். இப்போது திருப்பத்தூர் மாவட்டம், ஒரு காலத்தில் எல்லாமே வட ஆற்காடுதான். 1968இல் வெறும் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி ஒன்றோடு அங்கே வேலை ஆரம்பித்தது. 1972இல் 1 மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைத்துக்கொண்டு போனதே, அந்தக் கிரகத்துக்கு வளையம் உண்டு என்று உலகத்துக்குத் தெரிந்த இரவு, அப்போது இந்த மலையிலிருந்தும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்புறம் 1986 ஜனவரியில் 2.3 மீட்டர் பெரிய தொலைநோக்கியை ராஜீவ் காந்தி திறந்து வைத்தார். அது நம்ம நாட்டிலேயே வடிவமைத்துச் செய்தது.

சனிக்கிழமைகளில் பொதுமக்களை உள்ளே விடுவது வழக்கம். பகலில் பெரிய தொலைநோக்கி இருக்கிற கூண்டைப் பார்க்கலாம், இருட்டின பிறகு வானம் தெளிவாக இருந்தால் சின்னத் தொலைநோக்கியில் காட்டுவார்கள். கிளம்புவதற்கு முன் பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் இணையதளத்தில் நேரத்தை ஒரு தடவை சரிபார்த்துவிடுங்கள், மாறியிருக்கலாம். மழைக்காலத்தில் போகாதீர்கள், மேகம் மூடிவிட்டால் ஒன்றும் தெரியாது. ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை நல்லது. ஸ்வெட்டர் கட்டாயம்.

நான் சின்ன வயதில் அங்கே போனபோது என் கண்ணில் நின்றது தொலைநோக்கி இல்லை. கண்ணாடி எவ்வளவு பெரிது என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள், நான் வெளியே வந்து அண்ணாந்து பார்க்கிறேன், மலை முழுக்க விளக்கே இல்லை, பால்வீதி ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை மாவு சிந்தினாற்போல் கிடக்கிறது. அதை உங்கள் பாப்பா பார்க்க வேண்டும்.

ஆம்பூர் அறிவியல் டீச்சர்:

சார், உங்கள் மகள் இப்போது எட்டாவது என்பதால் ஒரு விஷயத்தை உடனே சொல்லிவிடுகிறேன். இஸ்ரோ 2019இலிருந்து யுவிகா என்று ஒரு முகாம் நடத்துகிறது. ஒன்பதாவது படிக்கிற பிள்ளைகளுக்கு, கோடை விடுமுறையில் ஏறக்குறைய இரண்டு வாரம் இஸ்ரோ மையத்திலேயே தங்கிப் படிக்கலாம், செலவை அவர்களே ஏற்கிறார்கள். தேர்வு செய்யும்போது எட்டாம் வகுப்பு மதிப்பெண்ணுக்குத்தான் பாதி எடை. அதாவது இந்த வருஷம் அவள் எழுதப்போகிற ஆண்டுத் தேர்வு! மிச்சத்தில் இணைய வினாடி வினா, அறிவியல் கண்காட்சி, சாரணர், என்.சி.சி., விளையாட்டு எல்லாம் சேரும். கிராம ஊராட்சிப் பகுதிப் பள்ளியில் படிக்கிறவர்களுக்குத் தனியாகக் கூடுதல் எடை உண்டு, உங்களுக்கு அது கிடைக்கும். பலர் ஒன்பதாவதில் விண்ணப்பம் வரும்போதுதான் விழித்துக்கொள்கிறார்கள், அதற்குள் மதிப்பெண் கைவிட்டுப் போயிருக்கும்.

கண்காட்சிக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். அரசுப் பள்ளிகளில் 2022 நவம்பரிலிருந்து வானவில் மன்றம் இருக்கிறது, அறிவியலையும் கணக்கையும் கையால் செய்து பார்த்துக் கற்கிற திட்டம், ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை. பள்ளி டீச்சரிடம் கேட்டு அதில் முன்னால் நிற்கச் சொல்லுங்கள். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தார் குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்கு ஊர்ப் பிரச்சினையை வைத்தே ஆய்வு செய்யச் சொல்வார்கள். துளிர் என்கிற சிறுவர் அறிவியல் இதழும் அவர்களுடையதுதான், தமிழிலேயே படிக்கலாம்.

அப்புறம் செலவே இல்லாத ஒன்று. வேலூர் மாவட்டத்தில் ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 வாக்கில் சூரியன் நேர் உச்சிக்கு வரும், நிழலில்லா நாள். போன ஏப்ரலில் தெருப் பிள்ளைகளைக் கூட்டி வீட்டு மாடியில் ஒரு பிளாஸ்டிக் குழாய்த் துண்டை நிறுத்தி வைத்தோம். பன்னிரண்டே கால் நெருங்க நெருங்க நிழல் குழாயின் காலடிக்குள் சுருண்டு போய்விட்டது. ஒரு பையன் குழாயின் மேல் கண்ணை வைக்கப் போனான், இழுத்துப் பிடித்தேன். (சூரியனை நேராகப் பார்க்கவே கூடாது, எந்தக் குழாய் வழியாகவும்.) அன்றைக்கு இன்னொரு பெண் கேட்டாள்: டீச்சர், டெல்லியில் இது எப்போது வரும்? வரவே வராது, சூரியன் நேர் உச்சிக்கு வருவது கடகரேகை வரைக்கும்தான், டெல்லி அதற்கு வடக்கே இருக்கிறது என்று சொன்னதும் அவர்களுக்கு ஒரே பெருமை. வேலூர் வெயிலுக்காக நம்ம பிள்ளைகள் சந்தோஷப்பட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

பெண் பிள்ளை என்று யாராவது இழுத்தால், 2023 பிப்ரவரி 10 அன்று இஸ்ரோவின் சின்ன ராக்கெட்டான எஸ்.எஸ்.எல்.வி.யில் போன ஆசாதிசாட் 2 செயற்கைக்கோள் பற்றிச் சொல்லுங்கள். நாடு முழுக்க 750 மாணவிகள் சேர்ந்து செய்தது, மதுரை திருமங்கலம் அரசுப் பள்ளிப் பெண்களும் அதில் இருந்தார்கள். அதற்கு முந்தையது 2022 ஆகஸ்டில் சுற்றுப்பாதையில் சரியாக நிற்காமல் போனது. அப்படியும் மறுபடி அனுப்பினார்கள்.

காட்பாடி ஹாஸ்டல்:

வணக்கம் சார், பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். நான் பள்ளியில் இருந்தபோது செய்தது, சிறுகோள் தேடும் திட்டம். உலக அளவில் நடக்கிறது, பணம் கிடையாது, ஆசிரியர் தலைமையில் குழுவாகப் பதிய வேண்டும். ஹவாயில் இருக்கிற பான்ஸ்டார்ஸ் தொலைநோக்கி எடுத்த படங்களை அனுப்புவார்கள். ஒரே இடத்தை இடைவெளி விட்டு எடுத்த நான்கு படம். அதை மாற்றி மாற்றி ஓட விட்டால் எல்லா நட்சத்திரமும் அப்படியே நிற்கும், ஒரு புள்ளி மட்டும் நேர்கோட்டில் தத்தித் தத்திப் போகும். முதல் தடவை நாங்கள் பிடித்தது கேமராவின் கோளாறு, சிறுகோளே இல்லை. ஆனால் எது கோளாறு, எது நிஜம் என்று பிரிக்கிறதுதான் அங்கே வேலையே. பள்ளி லேப்பில் சாதாரண விண்டோஸ் கம்ப்யூட்டர் இருந்தால் போதும்.

ராக்கெட் நேரில் பார்க்க ஸ்ரீஹரிகோட்டா போங்கள். 2019இலிருந்து பொதுமக்களுக்குத் தனி கேலரி இருக்கிறது, ஒவ்வொரு ஏவுதலுக்கும் முன்பு இணையத்தில் இலவசமாகப் பதிவு திறக்கும், சீக்கிரம் நிரம்பிவிடும். காட்பாடியிலிருந்து சென்னைக்கு ரயில், அங்கிருந்து சூலூர்பேட்டைக்கு ரயில். ஏவுதல் தள்ளிப்போவதும் உண்டு, அதை மட்டும் பாப்பாவுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். நெருப்பு முதலில் தெரியும், சத்தம் பிறகுதான் வந்து நெஞ்சில் அடிக்கும், அந்த இடைவெளியை அவளை எண்ணச் சொல்லுங்கள். ஒரு விநாடிக்கு 340 மீட்டர் என்று பெருக்கினால் நீங்கள் நிற்கிற தூரம் வந்துவிடும்.

வாலாஜா அம்மா:

நான் அந்த மாதிரிப் பணம் கட்டினவள், அதனால் எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். மகனைக் கூட்டிப் போனார்கள், பொய் இல்லை. ஆனால் ஃபுளோரிடாவில் அவன் பார்த்தது யார் வேண்டுமானாலும் டிக்கெட் வாங்கிப் போகிற பார்வையாளர் வளாகம். சான்றிதழைக் கொடுத்தது அந்த டூர்க்காரர்கள்தான், நாசா இல்லை. அவன் சந்தோஷமாகத்தான் வந்தான், நான் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் கடன் வாங்கிப் போகிற பயணம் இல்லை அண்ணா. என் நகை மீள இரண்டு வருஷம் ஆனது.

குடியாத்தம் தறிக்காரர்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. வாலாஜா அம்மா எழுதினதை வீட்டில் படித்துக் காட்டினேன், அதோடு அந்தப் பேச்சு நின்றுவிட்டது. டீச்சர் சொன்ன எட்டாவது மதிப்பெண் விஷயத்தை மகளிடம் சொன்னேன், சமூக அறிவியலும் சேருமா என்று கேட்டு முகத்தைச் சுளித்தாள். மொத்த மதிப்பெண் என்றுதான் நினைக்கிறேன், சரிதானே டீச்சர்? காவலூருக்குப் பொங்கல் கழித்து ஒரு சனிக்கிழமை போகிறோம். ராத்திரி ஆகிவிட்டால் திரும்ப பஸ் இருக்குமா, இல்லை எங்கேயாவது தங்க வேண்டுமா?

ஆலங்காயம் மலைக்காரன்:

பஸ்ஸை நம்பாதீர்கள் அண்ணா. நாலைந்து குடும்பமாகச் சேர்ந்து ஒரு வேன் பேசிக்கொள்ளுங்கள், பாப்பாவின் வகுப்புப் பிள்ளைகளையும் கூட்டிக்கொள்ளலாம். இல்லாவிட்டால் வாணியம்பாடியில் தங்கிவிட்டுக் காலையில் போங்கள். அமாவாசையை ஒட்டிய சனிக்கிழமையாகப் பாருங்கள், நிலா இருந்தால் பால்வீதி தெரியாது.

ஆம்பூர் அறிவியல் டீச்சர்:

மொத்த மதிப்பெண்தான் சார். சமூக அறிவியலும் படிக்கச் சொல்லுங்கள்.