நிதிப் பயிலரங்கு பலன் தந்ததா என்று எப்படிப் பார்ப்பது?

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர் மகளிர் சுய உதவிக் குழு அக்காக்களுக்கு வரவு செலவு, வட்டிக் கணக்கு, காப்பீடு பற்றி ஒரு பயிலரங்கு நடத்தினோம். கடைசியில் கொடுத்த தாளில் எல்லோருமே ‘நன்றாக இருந்தது’ என்று எழுதிவிட்டார்கள். எனக்கு அது போதவில்லை. அஞ்சு வட்டி (மாதம் நூற்றுக்கு அஞ்சு ரூபாய்) என்றால் ஆண்டுக்கு 60 சதவீதம் என்று அன்று சரியாகச் சொன்னவர், அடுத்த அவசரத்துக்கும் வட்டிக்காரரிடமே போனால் என்ன பயன்?

ஆறு மாதம் கழித்து நேரில் போய், ஆண்டுக்கு 20 ரூபாய் கட்டும் அரசின் விபத்துக் காப்பீட்டில் சேர்ந்தார்களா, வங்கிக் கணக்கில் நாமினி பெயர் பதிந்தார்களா என்று பார்க்க நினைக்கிறேன். அப்புறம் கடன் விவரம். அதைக் கூச்சமில்லாமல் சொல்ல வைப்பது எப்படி? பயிலரங்குக்கு வராத குழுவோடும் ஒப்பிட வேண்டுமா? இப்படிச் செய்து பார்த்தவர்கள், நீங்கள் கேட்ட கேள்விகளைப் பகிர்ந்தால் பெரிய உதவியாக இருக்கும்.