1118-ஆம் ஆண்டின் ஆறாம் பாரம்

அன்புள்ள ஊர் உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற மாதம் ஊருக்குப் போயிருந்தேன். பழைய வீட்டின் ஓடுகளை மாற்ற வேண்டியிருந்ததால் மச்சில் கிடந்த பெட்டிகளையெல்லாம் இறக்கினோம். ஓர் ஓலைப்பெட்டியின் அடியில் என் தந்தையார் பள்ளி இறுதி வகுப்பில் எழுதிய கணக்கு நோட்டு இருந்தது. அவர் மறைந்து பதினாறு ஆண்டுகள் ஆகின்றன. அப்படி ஒரு நோட்டை வைத்திருந்ததாக அவர் என்னிடம் ஒருபோதும் சொன்னதில்லை. இதை நம் குழுவில் எழுதுவதற்குக் காரணம், அந்த நோட்டின் கடைசித் தாளில் வகுப்பு மாணவர்கள் முப்பத்தொரு பேரின் பெயர்களும் வரிசை எண்ணோடு எழுதப்பட்டிருப்பதுதான். அவற்றில் நம் ஊர்க்காரர்கள் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடிந்தவர்கள் பதினொரு பேர். அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று இந்தக் குழுவில் பல நாடுகளிலிருந்து எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

அப்பா பள்ளி இறுதி வகுப்பான ஆறாம் பாரம் படித்தது 1942 ஜூன் முதல் 1943 மார்ச் வரை. மலையாள ஆண்டுக் கணக்கில் 1117-இல் தொடங்கி 1118-இல் முடிந்த படிப்பு. நம் நாஞ்சில் நாட்டுப் பகுதி அன்று திருவிதாங்கூர் மன்னராட்சியில் இருந்தது, சர் சி. பி. ராமசாமி ஐயர் திவானாக இருந்தார். தேர்வின் பெயர் இ.எஸ்.எல்.சி., அதாவது ஆங்கிலப் பள்ளி இறுதிச் சான்றிதழ்த் தேர்வு. பாடங்கள் ஆங்கிலத்தில், வீட்டில் பேச்சு தமிழில், அரசாங்கக் காகிதங்கள் மலையாளத்தில். இந்த மூன்றும் அந்த ஒரே நோட்டில் இருக்கின்றன. போர்க்காலத்தில் வெள்ளைத் தாள் கிடைக்கவில்லை, கிடைத்தாலும் வாங்கக்கூடிய விலையில் இல்லை. ஆகவே ஆச்சி (அப்பாவின் தாயார்), ஆதாரம் என்னும் நிலப் பத்திரங்களை எழுதுபவர் ஒருவரிடம் கேட்டு, அவர் எழுதிப் பிழையாகிப்போன கரட்டுத் தாள்களை வாங்கிக்கொடுத்திருக்கிறார். ஒரு பக்கத்தில் மலையாளத்தில் பாதி எழுதி அடித்துவிட்ட ஒற்றி (அடமான) ஆதாரம்: நான்கு எல்லைகள், கிழக்கே தோடு (ஓடை), தெற்கே நடைவழி, இத்தனை மரக்கால் விதைப்பாடு என்று போகிறது. திருப்பினால் செங்கோண முக்கோணத்தின் தேற்றம் ஆங்கிலத்தில் அடிக்கோடிட்டு எழுதப்பட்டு, முடிவில், நிரூபிக்கப்பட்டது என்ற பொருளில், கியூ.ஈ.டி. என்று பெரிதாகப் போட்டிருக்கிறது. முன்பக்கத்து மை பின்பக்கத்தில் ஊறியிருப்பதால் பல இடங்களில் முக்கோணத்தின் நடுவே யாருடைய நிலமோ தெரிகிறது. தாள்களைப் பனைநாரால் தைத்திருக்கிறார்கள். நார் தாளைக் கிழித்துவிடாமல் இருக்க, முடிச்சுக்குக் கீழே ஓர் ஓட்டைக் காலணாவைக் கோத்திருக்கிறார்கள். செம்பு மிச்சம் பிடிப்பதற்காக நடுவில் துளையிட்டு 1943 முதல் அடித்த காசு அது. ஆகவே தேர்வு முடிந்த பிறகு, வைத்துக்கொள்ள வேண்டும் என்ற எண்ணத்தோடுதான் இந்தத் தாள்களைத் தைத்திருக்க வேண்டும்.

அந்த வகுப்பு தொடங்கியபோது உலகம் எப்படி இருந்தது என்பதைச் சற்று நினைவுபடுத்துகிறேன். 1942 பிப்ரவரி 15-ஆம் நாள் சிங்கப்பூர் விழுந்தது. மார்ச் 8-ஆம் நாள் ரங்கூன் விழுந்தது. ஏப்ரல் 5-ஆம் நாள், ஈஸ்டர் ஞாயிறு அன்று, ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. சென்னை நகரத்தில் அந்த மாதம் மக்கள் வீடுகளைப் பூட்டிக்கொண்டு உள்நாட்டுக்கு ஓடினார்கள். வேறு ஊர்களுக்கு இவை செய்தித்தாளில் வந்த பெயர்கள். நமக்கோ சிங்கப்பூரும் பினாங்கும் ரங்கூனும் கொழும்பும் ஒவ்வொரு தெருவிலும் யாராவது ஒருவர் பிழைக்கப் போயிருந்த இடங்கள். போர் நம் கரையில் இறங்கவே இல்லை. ஒரு குண்டுகூட நம் மண்ணில் விழவில்லை. ஆனால் 1941 டிசம்பர் 8-ஆம் நாள் ஜப்பானியர் மலேயாவில் கால் வைத்தார்கள், சில வாரங்களில் நம் ஊருக்கு வந்துகொண்டிருந்த மணியார்டர்கள் நின்றுபோயின.

என் தாத்தா மலேயாவின் கெடாவில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்தார். அப்பாவும் பெரியப்பாவும் ஒரே வகுப்பில் படித்தார்கள். பெரியப்பா சிறு வயதில் காய்ச்சலால் ஓராண்டை இழந்திருந்தார். இருவருடைய பள்ளிச் சம்பளமும் தாத்தா அனுப்பிய பணத்தில்தான் கட்டப்பட்டது. நோட்டின் ஓரங்களில், ஒவ்வொரு மாதமும் முதல் தேதியில், பென்சிலால் ஒரே வாக்கியம் எழுதப்பட்டிருக்கிறது: "மலேயாத் தபால் இல்லை." ஆனி முதல் மாசி வரை ஒன்பது முறை. ஆடியிலும் ஆவணியிலும் எழுத்து தெளிவாக இருக்கிறது. தையில் "தபால் இல்லை" என்று சுருங்கி, மாசியில் "இல்லை" என்பது மட்டும் மிஞ்சுகிறது. அப்பா எதையும் கூட்டிச் சொல்லும் வழக்கம் இல்லாதவர் என்பது உங்களில் பலருக்கும் தெரியும். பதினாறு வயதிலும் அப்படித்தான் இருந்திருக்கிறார்.

அரிசியைப் பற்றிச் சொல்லாமல் அந்த ஆண்டைப் பற்றிச் சொல்ல முடியாது. திருவிதாங்கூருக்கு வேண்டிய நெல்லில் பாதிக்கும் குறைவாகவே சமஸ்தானத்துக்குள் விளைந்தது. மிச்சத்தின் பெரும்பகுதி பர்மாவிலிருந்து கப்பலில் வந்துகொண்டிருந்தது. ரங்கூன் விழுந்ததும் அது நின்றுவிட்டது. வடக்கே சேர்த்தலைப் பக்கம் மக்கள் பட்டினியால் இறந்தார்கள். நாஞ்சில் நாட்டில் பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் வந்தது, கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரு போக நெல்லும் விளைந்தன. இருந்தும் விளைந்த நெல்லில் அரசாங்கத்துக்கு அளக்க வேண்டியதை அளந்துவிட்டு மிச்சத்தைத்தான் வீட்டுக்குக் கொண்டுவர முடியும் என்ற நிலை வந்தது. நிலம் இல்லாதவர்களுக்கு ரேஷன் கடை மட்டுமே கதி. அந்த ஆண்டுகளில் நம்மைக் காப்பாற்றியது மரச்சீனிக் கிழங்கு, அதாவது மரவள்ளிக் கிழங்கு. இன்று நாம் வெளிநாடுகளில் உறைந்த கிழங்குப் பொட்டலம் வாங்கி, சாளைமீன் கறியோடு ஆசையாகச் சாப்பிடுகிறோம். அன்று காலையும் மதியமும் இரவும் அது ஒன்றுதான், பல நாள் உப்பும் காந்தாரி மிளகாயும் மட்டும் தொட்டுக்கொண்டு.

இதில் அப்பா திரும்பத் திரும்பச் சொன்ன ஒன்று உண்டு. அதற்கு முந்திய ஆண்டு வரை, மதிய இடைவேளையில் சோறு கொண்டுவருபவர்கள் ஒரு பக்கமும் கிழங்கு கொண்டுவருபவர்கள் வேறு பக்கமுமாக உட்காருவார்களாம். ஆறாம் பாரத்தில் எல்லாருடைய இலைப்பொதியிலும் கிழங்குதான். ஆனாலும் உட்காரும் இடங்கள் மாறவில்லை. 1936 நவம்பரில் எல்லாச் சாதியினருக்கும் கோயிலைத் திறந்துவிட்ட கோயில் நுழைவு அறிக்கை வந்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. சாமி கும்பிடும் இடத்தில் ஒன்றாக நிற்கலாம் என்று மகாராஜா சொல்லிவிட்டார். வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். சாப்பிடும்போது மட்டும், ஒரே கிழங்கை, பழைய இடங்களில் தனித்தனியாகச் சாப்பிட்டார்கள். பசி மனிதரைச் சமமாக்கும் என்று சொல்வதை நான் பல இடங்களில் கேட்டிருக்கிறேன். நம் பள்ளிக்கூடத்து மாமர நிழலில் அது நடக்கவில்லை என்பதை அப்பா வருத்தத்தோடு சொல்வார், அதில் தானும் ஒருவனாக இருந்ததையும் சேர்த்தே சொல்வார்.

மண்ணெண்ணெய் கிடைக்காததால் இரவுப் படிப்பு புன்னைக்காய் எண்ணெய் விளக்கில் நடந்தது. நோட்டின் பத்துப் பன்னிரண்டு தாள்களில் அந்த எண்ணெய்க் கறை இருக்கிறது. எண்பது ஆண்டுகள் கழித்தும் முகர்ந்தால் மெல்லிய கசப்பு வாசம் வருகிறது. அல்லது எனக்கு அப்படித் தோன்றுகிறது.

பெயர்ப் பட்டியலில் ஒரு பெயர் அடிக்கப்பட்டிருக்கிறது. அது பெரியப்பாவின் பெயர். இரண்டு பிள்ளைகளுக்கும் சம்பளப் பாக்கி சேர்ந்துகொண்டே போக, ஆச்சி கருப்பட்டி விற்றும் கழுத்தில் கிடந்ததை அடகு வைத்தும் ஒருவருக்கு உரியதைத்தான் கட்ட முடிந்தது. மார்கழியில் பள்ளி நிர்வாகம் பெரியப்பாவின் பெயரை வெட்டிவிட்டது. மலேயாவில் போர் நடப்பதும், அங்கிருந்து பணம் வர வழியில்லை என்பதும் பள்ளிக்குத் தெரியாதவை அல்ல. தேர்வு வரையிலாவது வகுப்பில் உட்கார விடுங்கள் என்று ஆச்சி போய்க் கேட்டிருக்கிறார். விதி இடம் கொடுக்காது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்தப் பள்ளியின் பெயரை எழுத நான் விரும்பவில்லை. அது நம்மில் பலரை உருவாக்கிய பள்ளி, எனக்கும் கடன்பட்ட மனம் உண்டு. ஆனால் மூன்று மாதம் பொறுத்திருக்கலாம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

மார்ச் மாதம் முப்பது பேரும் தேர்வு எழுதினார்கள். வகுப்புப் படம் எடுக்கவில்லை. ஃபிலிம் கிடைக்காத காலம். அதனால்தான் இந்தப் பட்டியலுக்கு இவ்வளவு மதிப்பு.

அதற்குப் பிறகு நடந்ததைப் பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு, உங்களில் சிலர் மறுக்கலாம். 1930-களில் இ.எஸ்.எல்.சி. தேறியவர்களுக்கு நம் பகுதியில் வேலை இல்லை. சான்றிதழைப் பெட்டியில் வைத்துவிட்டு வயலுக்கோ கடைக்கோ போனவர்கள்தான் அதிகம். போர் அதை மாற்றியது. ராணுவத்துக்கு எழுத்தர்கள் தேவைப்பட்டார்கள், கம்பியில்லாத் தந்தி கற்றுக்கொள்ளக்கூடிய ஆங்கிலம் தெரிந்த பையன்கள் தேவைப்பட்டார்கள், புதிதாக வந்த ரேஷன் இலாகாவுக்குக் கணக்கெழுத ஆள் தேவைப்பட்டது. அந்த முப்பது பேரில் நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியில் இன்டர்மீடியட் சேர்ந்தவர்கள் நான்கு பேர் மட்டுமே என்று அப்பா சொல்லியிருக்கிறார். பெரும்பாலோர் ஓராண்டுக்குள் பெங்களூர், ஜபல்பூர், பூனா என்று போய்விட்டார்கள். நாகர்கோவிலுக்கு அன்று ரயில் கிடையாது. கரியில் ஓடிய பஸ்ஸில் ஆரல்வாய்மொழி தாண்டித் திருநெல்வேலி போய் அங்கே ரயில் ஏறியிருக்கிறார்கள். தேறாதவர்களில் இருவர் அசாம் பக்கம் சாலை போடும் வேலைக்கு ஆள் எடுத்தபோது போனார்கள். அவர்களில் ஒருவர் மலேரியாவில் அங்கேயே இறந்தார். கையில் சான்றிதழோடு வெளியூர் போய் மாதச் சம்பளம் அனுப்பும் பழக்கம் நம் ஊரில் இந்த வகுப்போடு தொடங்கியது என்றே நான் கருதுகிறேன். அதற்கு முன் போனவர்கள் உடல் உழைப்பை நம்பிப் போனவர்கள், என் தாத்தாவைப் போல ஓரிருவர் தவிர. 1970-களில் நாம் வளைகுடாவுக்குப் போன வழி, பஞ்சமும் சாவும் நடந்துகொண்டிருந்த நாளில் திறந்த வழி என்பதை நினைக்கும்போது மனம் சங்கடப்படுகிறது.

பட்டியலில் உள்ள ஒருவர் ராணுவ எழுத்தராக 1944-இல் இம்பால் பக்கம் இருந்தபோது, மலேயாவுக்குப் போயிருந்த அவருடைய அண்ணன் நேதாஜியின் படையில் சேர்ந்திருந்தார். இருவரும் உயிரோடு ஊர் திரும்பினார்கள். அந்தக் குடும்பத்தார் இந்தக் குழுவில் இருப்பதால், அதை அவர்கள் எழுதுவதே முறை என்று விட்டுவிடுகிறேன்.

தாத்தா 1946-இல் நாகப்பட்டினத்தில் கப்பல் இறங்கி வந்து சேர்ந்தார். தோட்டத்துத் தொழிலாளர்களைச் சயாமுக்கு (இன்றைய தாய்லாந்துக்கு) ரயில்பாதை போட ஜப்பானியர் கொண்டுபோனதையும், போனவர்களில் எத்தனையோ பேர் திரும்பாததையும் அவர் வெகு காலம் கழித்துத்தான் சொல்லத் தொடங்கினாராம். வந்த அன்று இரவு அவர் கேட்டது பிள்ளைகளின் தேர்வைப் பற்றி. பெரியப்பா தானே பதில் சொல்லியிருக்கிறார்: "தம்பி பாஸாயிட்டான்." தன்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, தாத்தாவும் மேற்கொண்டு கேட்கவில்லை.

பெரியப்பாவை உங்களில் மூத்தவர்களுக்கு நன்றாகத் தெரியும். நம் ஊரில் பாஸ்போர்ட் விண்ணப்பம் என்று ஒன்று வந்த காலத்தில் அதை நிரப்பிக்கொடுத்தவர் அவர்தான். என்னுடையதையும் 1981-இல் அவரே நிரப்பினார், ஒரு எழுத்துகூட அடித்துத் திருத்தாமல். பட்டியலில் அடிக்கப்பட்ட அவர் பெயருக்குப் பக்கத்தில், வேறு மையில், பிற்காலத்து அப்பாவின் கையெழுத்தில், அதே பெயர் மறுபடியும் எழுதப்பட்டிருக்கிறது. அடித்ததும் அப்பாவாகவே இருக்க வேண்டும். மை அந்த ஆண்டின் ஊதா மை.

பட்டியலையும் நோட்டின் சில பக்கங்களையும் படமெடுத்து வைத்திருக்கிறேன். குடும்பங்களின் பெயர்கள் இருப்பதால் பொதுவில் அனுப்பவில்லை. உங்கள் தந்தையாரோ தாத்தாவோ 1942, 1943-இல் பள்ளி இறுதி வகுப்பு படித்தவராக இருந்தால் எனக்குத் தனிமடலில் எழுதுங்கள். அவருடைய பெயர் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன். முக்கியமாக, பட்டியலின் பதினேழாம் எண்ணில் இருப்பவரைப் பற்றி யாருக்காவது தெரிந்தால் சொல்ல வேண்டும். அசாமுக்குப் போய்த் திரும்பாதவர் அவர்தான். பெயருக்கு எதிரில் அப்பா வீட்டுப் பெயரை எழுதவில்லை, அவருடைய ஆட்கள் யார் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.