சூடானால் மூன்றாவது கியர் பிடிக்காத பழைய ஆட்டோமேட்டிக்

வண்டி 1998 மாடல், பின்சக்கர இழுவை, நான்கு கியர் ஆட்டோமேட்டிக். 2,40,000 கிலோமீட்டர் ஓடியது. காலையில் எடுக்கும்போது ஒரு குறையும் இல்லை. இருபது நிமிடம் ஓடிச் சூடானதும், இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும் இடத்தில் எஞ்சின் மட்டும் உறுமுகிறது. ஒரு நொடி கழித்து டக்கென்று பிடிக்கிறது. ரிவர்ஸும் சூட்டில் தாமதம். மூன்று மாதமாக இதே கதை.

கியர்பாக்ஸ் ஆயில் பழுப்பாகிக் கருகிய வாடை அடித்தது. கியர்பாக்ஸின் அடித்தட்டைக் கழற்றினேன். காந்தத்தில் கறுப்புச் சேறு, விரலில் தேய்த்தால் மை மாதிரி. மினுங்கும் உலோகத் துகள் எதுவும் கண்ணில் படவில்லை. ஃபில்டர், ஆயில் மாற்றியதில் ஒரு வாரம் தேறியது மாதிரி இருந்தது, அவ்வளவுதான். (ஆயில் மாற்றினாலே சரியாகிவிடும் என்று சொன்னவர்களை இனி நம்புவதாக இல்லை.)

சோலினாய்டு (ஆயில் வழியைத் திறந்து மூடும் மின் வால்வு) ரெசிஸ்டன்ஸ் எல்லாம் மேனுவல் அளவுக்குள். ஸ்கேனரில் பி0733, அதாவது மூன்றாம் கியர் விகிதக் கோளாறு. அப்புறம் கியர்பாக்ஸ் ஆயில் அழுத்தம் பார்க்கப் பிரஷர் கேஜ் மாட்டினேன்: குளிரில் சரி, சூடானதும் ஐடிலில் முள் குறைந்தபட்ச அளவுக்குக் கீழே இறங்கி நடுங்குகிறது. ஆக்சிலரேட்டர் கொடுத்தால் ஏறிவிடுகிறது.

கியரைப் பிடிக்கும் கிளட்ச் தட்டுகள் எப்படியும் கருகியிருக்கும், கியர்பாக்ஸை இறக்கித்தான் ஆக வேண்டும். ஆனால் மூல காரணம் தெரியாமல் தட்டுகளை மட்டும் மாற்றினால் புதியதும் கருகும். இறக்குவதற்கு முன், வால்வ் பாடியை (ஆயிலைக் கிளட்சுகளுக்குப் பிரித்து அனுப்பும் பாகம்) மட்டும் கழற்றி கிளட்ச் துவாரத்தில் காற்று கொடுத்துப் பார்த்தால், பிரஷர் போவது கிளட்ச் சீலிலா பம்பிலா என்று பிரித்துச் சொல்ல முடியுமா?