அட்டை இல்லாத தோட்டத்து நாவல்: பெயரையும் இன்னொரு பிரதியையும் எங்கே தேடுவது?

சிப்புட்_வாசகன்
வணக்கம். மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். எங்கள் பழைய ரப்பர் தோட்டத்துக் கோயிலில் கும்பாபிஷேகத்துக்காக ஸ்டோர் அறையைக் காலி செய்தபோது, சதுரமான பெரிய பிஸ்கட் டின் ஒன்றில் கொஞ்சம் புத்தகங்கள் கிடைத்தன. தோட்டத்தில் முன்பு ஒரு வாசகசாலை இருந்ததாம். லயங்களை (தொழிலாளர் வரிசை வீடுகளை) இடித்து எல்லாரும் தாமான் குடியிருப்புக்குக் குடிவந்தபோது யாரோ புண்ணியவான் எடுத்து உள்ளே போட்டு மூடியிருக்கிறார், அதனால் கரையான் தப்பியது. பாதிக்கு மேல் தமிழ்நாட்டுப் பதிப்புகள், அவற்றை விடுங்கள். ஒரு நாவல் மட்டும் இந்த ஊர்க்காரர் எழுதியது என்று படித்தாலே தெரிகிறது. பெரட்டு (காலை ஆள்கணக்கு), மங்கு (பால் சேரும் கோப்பை), ஓட்டுப்பால் (காய்ந்து ஒட்டிய ரப்பர் பால்), கிராணி (தோட்டத்து எழுத்தர்) வீட்டு நாய், சம்பள நாளில் வாசலில் வந்து நிற்கும் கடன்காரர் எல்லாம் வருகிறது. அட்டை இல்லை, முன்பக்கத் தாள்கள் சில இல்லை, கதை முடிகிற நேரத்தில் பின்னால் ஒரு கொத்துப் பக்கங்களே காணோம். பக்கத்தின் மேலே எண் மட்டும்தான், நூலின் பெயர் இல்லை. ஈப்போவில் ஒரு கடையில் காட்டிக் கேட்டதற்கு, இதையெல்லாம் யார் கேட்கிறார்கள் என்று சொல்லி ராசிபலன் புத்தகத்தை எடுத்து நீட்டினார்கள். இது எந்த நூல் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? முடிவைப் படிக்காமல் எனக்குத் தூக்கம் வராது.

மைக்கூடு
தம்பி, நான் கொஞ்ச காலம் அச்சகத்தில் எழுத்துக் கோத்தவன், அதனால் சொல்கிறேன். பின்னால் போன கொத்தை யாரும் கிழித்திருக்க மாட்டார்கள். அந்தக் காலத்தில் ஒரு பெரிய தாளில் 16 பக்கம் அச்சடித்து மடிப்பார்கள், அதற்கு ஒரு ஃபாரம் என்று பெயர். நூல் இற்றாலோ கம்பி துருப்பிடித்தாலோ கடைசி ஃபாரம் அப்படியே முழுசாகக் கழன்று விழுந்துவிடும். உங்களுக்குச் சாதகமான விஷயமும் இதில்தான் இருக்கிறது. பைண்டு செய்பவர் ஒரு நூலின் ஃபாரத்தை இன்னொன்றோடு கலந்துவிடக் கூடாது என்பதற்காக, ஒவ்வொரு ஃபாரத்தின் முதல் பக்கத்திலும் அடியில் ஓரமாகப் பொடி எழுத்தில் நூல் பெயரின் முதல் எழுத்தும் ஃபார எண்ணும் போடுவது வழக்கம். 17, 33, 49ஆம் பக்கங்களின் அடியைப் பாருங்கள். எல்லா அச்சகமும் போடாது, ஆனாலும் பாருங்கள்.

காலத்தைக் கணிக்கப் பழைய லை, ணை எழுத்தை நம்ப வேண்டாம். எழுத்துச் சீர்திருத்தத்தைத் தமிழ்நாட்டு அரசு கொண்டுவந்ததே 1978இல்தான், இங்கே கையிலிருந்த ஈய எழுத்தை உடனே யார் தூக்கிப் போட்டார்கள்? கதைக்குள் நாட்டை மலாயா என்கிறாரா மலேசியா என்கிறாரா என்று பாருங்கள். மலேசியா என்று ஓரிடத்தில் வந்துவிட்டால் நூல் அநேகமாக 1963க்குப் பிந்தியது. மலாயா என்று மட்டும் இருந்தால் எதுவும் உறுதி இல்லை, பழைய காலத்துக் கதையைப் பிறகு எழுதியிருக்கலாம். அப்புறம், கிழிசலில் செல்லோ டேப் மட்டும் ஒட்டிவிடாதீர்கள், அந்தப் பசை காலப்போக்கில் மஞ்சளாகித் தாளையும் சேர்த்துத் தின்றுவிடும்.

ஓட்டுப்பால்
கடைகளில் தேடுவது வீண் வேலை தம்பி. பினாங்கு சௌராஸ்டா சந்தை மாடியில் பழைய புத்தகக் கடைகள் இருக்கின்றன, ஒரு தடவை சும்மா போய்ப் பார்த்துவிட்டு வரலாம், ஆனால் அங்கே குவிந்து கிடப்பது ஆங்கிலமும் பாடநூலும்தான். பெட்டாலிங் ஜெயா அம்கோர்ப் மாலில் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையும் அப்படித்தான், தமிழ் கிடைத்தால் உங்கள் ஜாதகம் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

நம் நாட்டுத் தமிழ் நூல் பெரும்பாலும் கடைக்கே வந்ததில்லை என்பதுதான் விஷயம். எழுத்தாளர் தன் கைக்காசைப் போட்டுக் கொஞ்சம் பிரதிகள் அச்சடிப்பார், மண்டபத்தில் வெளியீட்டு விழா வைப்பார், பிரமுகர் யாராவது முதல் பிரதியைக் கூடுதல் பணம் கொடுத்து வாங்குவார், மற்றவர்கள் கல்யாண மொய் மாதிரி உறையில் பணம் வைத்துக் கொடுத்துவிட்டு ஒரு பிரதியைக் கையில் வாங்கிக்கொண்டு போவார்கள். மிச்சம் எழுத்தாளர் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் இருக்கும். ஆகையால் படிக்கிறவர் வீட்டில் தேடாதீர்கள், அவர் இரவல் கொடுத்துத் தொலைத்திருப்பார். கட்சியின் முன்னாள் கிளைத் தலைவர், கோயில் பொருளாளர், தொழிற்சங்கத்தில் இருந்தவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் தேடுங்கள். கேடயங்களுக்குப் பின்னால் நிற்கும், பிரித்தே பார்த்திருக்க மாட்டார்கள், உள்ளே எழுத்தாளரின் கையெழுத்தும் இருக்கும். என்னிடம் இருக்கும் நல்ல பிரதிகளில் பல அப்படி வந்தவைதான்.

ஆனால் நேரம் முக்கியம். பெரியவர் காலமாகி, பிள்ளைகள் வீட்டை விற்கிறார்கள் என்றால் முதலில் வந்து நிற்பது பேப்பர் லாமா (பழைய பேப்பர் வாங்குகிற) லாரிதான். கிலோவுக்குச் சில காசு கொடுத்து எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். துக்க வீட்டில் புத்தகம் கேட்கச் சங்கடமாக இருக்கும், கருமக்கிரியை முடியட்டும். ஆனால் அதற்கு மேல் தள்ளிப்போடாதீர்கள். லாரிக்காரரிடம் உங்கள் நம்பரைக் கொடுத்து, தமிழ்ப் புத்தகம் வந்தால் கூப்பிடச் சொல்லி வைப்பதும் நல்லதுதான், எனக்கு அது வேலை செய்திருக்கிறது.

கோலாலம்பூர்_பூச்சி
பிரதி வேண்டுமா, முடிவைப் படித்தால் போதுமா? படித்தால் போதும் என்றால் மலாயாப் பல்கலைக்கழக நூலகத்தில் கேளுங்கள். இந்திய ஆய்வியல் துறை 1956இல் தொடங்கியது, அந்தத் தொடர்பில் இந்த நாட்டுத் தமிழ் நூல்கள் அங்கே நிறையச் சேர்ந்திருக்கின்றன. இங்கே இல்லையென்றால் சிங்கப்பூர் தேசிய நூலகம். சிங்கப்பூர் பிரிந்தது 1965இல்தானே, அதற்கு முன் வந்த மலாயா நூல்களும் அங்கே உண்டு. வெளியே எடுத்துப் போக விடமாட்டார்கள், உட்கார்ந்து படிக்கலாம்.

தலைப்பைக் கண்டுபிடிக்க இன்னொரு வழி, பழைய பத்திரிகை விளம்பரம். சிங்கப்பூர் நாளிதழான தமிழ் முரசின் பழைய இதழ்களைச் சிங்கப்பூர் நூலகம் இணையத்தில் போட்டிருக்கிறது, தேதி வாரியாகப் புரட்டலாம். புதிய நூல் வெளியானால் எங்காவது ஒரு கட்டம் விளம்பரமோ மதிப்புரையோ வந்திருக்கும். 1924இல் தொடங்கி 2019இல் நின்றுபோன நம் நாட்டு நாளிதழ் தமிழ் நேசன் இன்னும் பெரிய சுரங்கம். 1950 வாக்கில் கதை வகுப்பு நடத்தி, தோட்டத்துப் பிள்ளைகளை எல்லாம் எழுத வைத்த பத்திரிகை. தமிழ்நாட்டு எழுத்தாளர் கு. அழகிரிசாமியும் 1952 முதல் 1957 வரை அங்கே வேலை பார்த்தார். உங்கள் ஆள் அந்த வரிசையில் வந்தவராகக்கூட இருக்கலாம்.

சிப்புட்_வாசகன்
ஐயா, இருக்கிறது! பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். 17ஆம் பக்கத்தின் அடியில் "ப—2", 33இல் "ப—3". 49இன் ஓரத்தைப் பூச்சி தின்றுவிட்டது. மலேசியா என்ற சொல் இதுவரை கண்ணில் படவில்லை, மலாயா மட்டும்தான்.

ரப்பர்விதை
ப என்றால் அகிலனின் பால்மரக் காட்டினிலேதான், வேறென்ன. கேஸ் முடிந்தது லா.

மைக்கூடு
அவசரப்படாதீர்கள். அது தமிழ்நாட்டு எழுத்தாளர் நம் தோட்டத்தைப் பார்த்து எழுதிய நாவல், மறுபதிப்பும் எளிதாகக் கிடைக்கும். ஏதாவது ஒரு பதிப்பை வாங்கிப் பாத்திரங்களின் பெயரை ஒத்துப் பாருங்கள், ஒரு மணி நேர வேலை. கிராணி வீட்டு நாய் வரை எழுதுகிறவர் அந்த லயத்திலேயே வளர்ந்தவர் என்பது என் ஊகம்.

சிப்புட்_வாசகன்
பள்ளி ஆசிரியர் ஒருவரிடம் அகிலன் நூல் இருந்தது, ஒத்துப் பார்த்துவிட்டேன். அது இல்லை, ஆட்களே வேறு. ஒரு சந்தேகம்: முழுப் பிரதி கிடைத்தால் ஸ்கேன் செய்து எல்லாருக்கும் அனுப்பலாமா?

கோலாலம்பூர்_பூச்சி
உங்களுக்கு விடுபட்ட 16 பக்கத்தை நகலெடுத்துச் சேர்த்துக்கொள்வதை யாரும் கேட்கப் போவதில்லை. முழு நூலை வாட்சப் குழுவில் சுற்றவிடாதீர்கள். இங்கே எழுத்தாளர் மறைந்து 50 ஆண்டு வரை உரிமை அவர் குடும்பத்துக்கு. குடும்பத்தைத் தேடிப் பிடித்துக் கேட்டால் பெரும்பாலும் சந்தோஷமாகச் சரி என்பார்கள், கட்டிலுக்கு அடியிலிருந்து இரண்டு பிரதி எடுத்தும் கொடுப்பார்கள்.

மைக்கூடு
17ஆம் பக்கத்தை அடி ஓரம் தெளிவாகத் தெரிகிற மாதிரி படம் எடுத்து இங்கே போடுங்கள் தம்பி. தேய்ந்த எழுத்து ஏதாவது திரும்பத் திரும்ப வந்தால் எந்த அச்சகம் என்று சொல்லப் பார்க்கிறேன். ஈப்போ அச்சு என்றால் எனக்குக் கொஞ்சம் அடையாளம் தெரியும்.

சிப்புட்_வாசகன்
இன்று இரவு ஏற்றிவிடுகிறேன் ஐயா. ஓட்டுப்பால் அக்கா, எங்கள் கோயிலின் பழைய பொருளாளர் இன்னும் இருக்கிறார், வீட்டில் கண்ணாடி அலமாரியும் இருக்கிறது. கும்பாபிஷேகப் பத்திரிகை வைக்கிற சாக்கில் வெள்ளிக்கிழமை போகிறேன்.