நிரல்மொழி விக்கி தொடங்கியவர்களே, முதல் மாதம் எப்படிப் போனது?

நாங்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு சிறிய நிரல்மொழிக்கு விக்கி, அதாவது யாரும் வந்து எழுதவும் திருத்தவும் கூடிய தளம், தொடங்கினோம். விக்கிப்பீடியா ஓடும் மென்பொருளான மீடியாவிக்கியை நிறுவ ஒரு மாலை போதுமாக இருந்தது. அப்புறம் இரண்டு வாரம் உட்கார்ந்து மாறிகள், தரவு வகைகள், கோப்புகள் என்று அறுபது தலைப்புகளில் பொருளடக்கம் போட்டோம். எல்லாமே சிவப்பு இணைப்புகள், அதாவது இன்னும் எழுதப்படாத பக்கங்கள். யாராவது வந்து நிரப்புவார்கள் என்று நம்பினோம். ஒரு மாதத்தில் பலர் வந்து பார்த்தார்கள், ஒருவரும் எழுதவில்லை.

1995இல் வார்ட் கன்னிங்காம் தொடங்கிய முதல் விக்கியிலும், இன்னும் எழுதப்படாத பக்கத்துக்கு இணைப்பு உண்டு, அதை ஒட்டி ஒரு கேள்விக்குறியோடு. ஆனால் அது யாரோ எழுதிக்கொண்டிருந்த பத்தியின் நடுவில் வரும். படிப்பவருக்கு என்ன விட்டுப்போயிருக்கிறது என்று புரியும். எங்களுடையது வெறும் பட்டியல். அதைப் பார்த்தவருக்கு, இதை முழுசாக எழுதும் அளவுக்குத் தனக்குத் தெரியாது என்றுதான் தோன்றியிருக்கும்.

பொருளடக்கத்தைத் தூக்கிவிட்டு, அந்த வாரம் எங்களையே தடுக்கிவிட்ட பிழைகளை ஆளுக்கு இரண்டாக எழுதினோம். திரையில் வரும் பிழைச்செய்தியை அப்படியே தலைப்பாக வைத்தோம், ஏனென்றால் மாட்டிக்கொண்டவர் அதைத்தான் நகலெடுத்துத் தேடுவார். நான்காம் நாள் முன்பின் தெரியாத ஒருவர் ஒரே ஒரு வரி சேர்த்தார்: கோப்பின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத பைட் வரிசைக் குறி (BOM) இருந்தாலும் இதே பிழை வரும். பேச்சுப் பக்கத்தில் நன்றி சொன்னேன். அடுத்த வாரம் எழுத்துக் குறியாக்கம் (எழுத்துகளைக் கணினி எண்களாகச் சேமிக்கும் முறை) பற்றிய பக்கம் முழுவதையும் அவரே எழுதினார். அந்த ஒரு வரியைப் பார்த்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது.

மறுமொழி 1

எங்களுக்குக் கை சுட்டது உரிமத்தில். பங்களிப்புகள் எந்த உரிமத்தின் கீழ் வருகின்றன என்று தொகுக்கும் பக்கத்தில் ஒரு வரிகூட எழுதவில்லை. இரண்டு வருடம் கழித்து, அந்த மொழியை உருவாக்குபவர்கள் சில பக்கங்களை அதிகாரபூர்வ ஆவணத்தில் சேர்த்துக்கொள்ளக் கேட்டார்கள். ஒவ்வொரு பக்கத்தின் வரலாற்றையும் திறந்து, எழுதியவர்களுக்கெல்லாம் மடல் போட்டோம். பலரின் முகவரி செத்துப்போயிருந்தது. நல்ல பக்கங்கள் பலவற்றை முதலிலிருந்து எழுத வேண்டியதாயிற்று. விளக்க உரைக்கும் நிரல் துண்டுகளுக்கும் தனித்தனி உரிமம் வைப்பது நல்லது. மாற்றி எழுதியதையும் அதே உரிமத்தில் பகிர வேண்டும் என்ற நிபந்தனை உரைக்குப் பொருந்தும், ஆனால் அது பத்து வரி நிரலை எடுத்துத் தன் மென்பொருளில் போடுபவருக்குத் தலைவலி ஆகிவிடும்.

இன்னொன்று, ஒவ்வொரு எடுத்துக்காட்டிலும் எந்தப் பதிப்பில் ஓடியது என்று குறியுங்கள். பைத்தான் 2இல் அடைப்புக்குறி இல்லாமல் எழுதிய பிரிண்ட் வரி 3இல் ஓடாது என்பது எல்லோருக்கும் தெரியும். சின்ன மொழிகளில் அப்படி மாறியது யாருக்கும் நினைவிருக்காது.

மறுமொழி 2

பைத்தான் விக்கிக்கு நடந்ததையும் மறக்க வேண்டாம். 2012 டிசம்பர் கடைசியில், அது ஓடிய மொயின்மொயின் (MoinMoin) என்ற விக்கி மென்பொருளின் ஓட்டை வழியாக ஒருவர் உள்ளே புகுந்தார். 2013 ஜனவரியில் விக்கியின் தரவை அழித்துவிட்டார். பேக்கப் எடுத்தால் மட்டும் போதாது, அதிலிருந்து மீட்டெடுத்துப் பாருங்கள்.

முதலில் எழுதியவர்

உரிமக் குறிப்பை இன்றே சேர்த்துவிட்டேன். பேக்கப் தினமும் ஓடுகிறது, ஆனால் இதுவரை ஒருமுறைகூட வேறு கணினியில் ஏற்றிப் பார்த்ததில்லை. இந்த ஞாயிறு அதுதான் வேலை.